ஆழமாக எடுத்த ஒரு துண்டு

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆவணி மாதம். தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில், புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறையில் எனக்கு வேலை. வெடிக்குள் போடும் கலவையைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம். அதில் அலுமினியப் பொடி சேரும். வெள்ளிப் பொடி என்று சொன்னால்தான் எங்களுக்குப் புரியும். சாயங்காலம் வேன் ஏறும்போது கை, கால், புருவம் எல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு, கவசம் சாத்திய அம்மன் கணக்காக உட்கார்ந்திருப்போம். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் நக இடுக்கில் மினுமினுப்பு போகாது.

எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தது என் அண்ணன் மனைவி, மதினி. எனக்கும் வாய் நீளம், மதினிக்கு அதைவிட நீளம். எங்கள் அறைக்குப் போர்மேன் பட்டிமன்றம் என்றே பேர் வைத்திருந்தார். கை பாட்டுக்கு மருந்தைச் செலுத்தும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதையை அளக்கும்.

அந்த ஆவணியில்தான் என் வலது கணுக்காலில் ஒரு புண் வந்தது. சின்னப் புண். பொறி பட்டிருக்கும், மருந்து அரித்திருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தடிப்பா, மருந்து. அரிப்பா, மருந்து. புண்ணா, அதுவும் மருந்து. மெடிக்கலில் போய் "கம்பெனிப் புண்ணுக்குக் களிம்பு குடுங்க" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எந்தப் புண், எங்கே என்றெல்லாம் கேட்கமாட்டார்கள்.

களிம்பு தீர்ந்தது, புண் ஆறவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே நீலமும் சிவப்புமாக வலை பின்னிய மாதிரி கோடுகள். சாயங்காலமானால் காய்ச்சல். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. "என்னத்தா, சினிமாவுல நடிக்கக் கூப்பிட்டாகளா? இப்படி இளைச்சுக்கிட்டே போற" என்று மதினி கேலி பண்ணினாள். சிவகாசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், வேறொரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம்தான் செருப்பு விஷயம் வந்தது. மருந்து அறைக்குள் செருப்பு போடக் கூடாது, வெளியே கழற்றிவிட்டுத்தான் போவோம். ஒருநாள் வேலை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தேன். ஏறி உட்கார்ந்த பிறகு மதினி பின்னாலேயே ஓடி வந்தாள், கையில் என் வலது கால் செருப்பு.

"ஏ பிள்ள, பாதையில செருப்பை விட்டுட்டு மகாராணி மாதிரி வந்து உக்காந்திருக்க. கால்ல இல்லைன்னுகூடவா தெரியாது?"

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். யார் காலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. பெருவிரலைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் அன்றைக்கு ராத்திரி தூங்கமாட்டார். அவர் வேறொரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர், விடிகாலையில் கிளம்ப வேண்டும்.

ஆனால் போர்மேன் கண்டுபிடித்துவிட்டார். நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நிறுத்தினார். "தப்பா நினைக்காதத்தா. மருந்து சிந்திக் கிடக்குற எடத்துல காலைத் தேச்சு நடந்தா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா? சரியான பெறகு வா" என்றார். உரசல் ஒன்று போதும், அந்த அறையே வெடித்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பது என் மதினி. காலில் உணர்ச்சி இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை? சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே வலது காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கின. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இம்புட்டு நாளும் மறைச்சியா?" என்று சத்தம் போட்டவர், அப்படியே என் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஏறி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை இல்லை என்றார்கள். ரத்த அழுத்தம் மட்டும் ஏகத்துக்கு இருந்தது. கவலையால் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். கணுக்கால் புண்ணின் ஓரத்தில் துளியூண்டு தோலைச் செதுக்கி எடுத்து பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்சி என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். மதினிக்கு அது பிடிக்கவே இல்லை. "கத்தி பட்டா பரவிரும்" என்று பஸ் ஊர் வந்து சேரும் வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

ரிசல்ட் வந்தது. தோலுக்குள் கறுப்புக் கறுப்பாக உலோகத் துகள் இருக்கிறது, புண் அழற்சி இருக்கிறது, நோயாளி பட்டாசுத் தொழிலாளி என்பதோடு சேர்த்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்ததாக டாக்டர் படித்துச் சொன்னார். எங்களுக்கு ஒரே நிம்மதி! "நான் அப்பமே சொன்னேன்ல, வெள்ளிப் பொடிதான்" என்று மதினி ஜெயித்த மாதிரி சொன்னாள். வீட்டுக்காரரும் தலையாட்டினார். டாக்டருக்கும் அதில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் வந்து காலைப் பார்த்தார். அமைதியான மனிதர். "ரெண்டு விரலையும் எடுத்துருவோம்மா. விட்டா மேல ஏறும். அப்புறம் பாதத்தையே எடுக்க வேண்டி வரும்" என்றார். எடுத்தால் நின்றுவிடுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம்தான் என்னைப் போட்டு உலுக்கியது.

விரலை எடுக்கக் குறித்த நாள் காலையில், வெறும் வயிற்றோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் மதினி. அப்போது வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா, ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும், ஒவ்வொரு பெஞ்சாக என் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"நீங்கதானாம்மா? உங்க தோலைப் பாத்தது நான்தான். ஆய்வகத்துல இருக்கேன். காலை ஒருக்கா காட்டுறீங்களா?" என்றார்.

ஆய்வக டாக்டர் என்று ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. சதையைச் சீசாவில் போட்டு அனுப்பினால் காகிதம் திரும்பி வரும், நடுவில் ஏதோ மெஷின் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கட்டைப் பிரித்துப் பார்த்தார். வலை மாதிரி இருந்த கோடுகளை விரலால் தடவினார். காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா, எப்போதிலிருந்து மரத்துப்போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

மதினி சும்மா இருப்பாளா? "அதான் வெள்ளிப் பொடின்னு எழுதிட்டீகளே டாக்டரம்மா, இன்னும் என்ன?" என்றாள்.

"எழுதுனது நான்தான். அது இருந்துச்சு, எழுதுனேன். ஆனா உங்க பக்கத்துல இருந்து யார் வந்து காலைக் காட்டுனாலும், புண்ணுல எடுத்தா அந்தப் பொடி இருக்கத்தான் செய்யும். உங்க கால்ல எடுத்தாலும் இருக்கும். உங்களுக்கு விரல் கறுக்கலையே?" என்றார்.

மதினி குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவள் வாயடைத்துப் போனது அன்றைக்குத்தான்.

காகிதத்தை அனுப்பிவிட்டாரே தவிர, அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லையாம். என் தோலை ஒட்டி வைத்த கண்ணாடித் துண்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார். மேலே பொடி தெரிகிறது, ஆனால் பொடிக்காக விரல் சாகுமா என்று ஒரு கேள்வி. காலையில் அறுவை சிகிச்சைப் பட்டியலில் என் பெயரைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். "வேற எங்கயாவது சின்னக் கட்டி மாதிரி, தொட்டா வலிக்கிற மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டார்.

இருந்தது. வலது தொடையில், முழங்காலுக்கு மேலே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்த டாக்டர்கள் எல்லாம் ஆம்பளைகள். புண் கணுக்காலில் இருக்கும்போது சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி நான் எதற்குக் காட்ட வேண்டும்? சம்மணம் போட்டு உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் தொட்டுப் பார்த்தார். உயிர் போகிற வலி.

"இதை யார்ட்டயும் காட்டலையா?"

"யாரும் கேக்கலையே டாக்டரம்மா."

"ஆமா, நாங்கதான் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவு பெரிய டாக்டர் அப்படிச் சொன்னது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவர் சொன்னது இதுதான். இந்தக் கட்டியில் இருந்து ஒரு துண்டு எடுக்க வேண்டும். போன தடவை மாதிரி மேலாகச் செதுக்கினால் போதாது. தோலுக்குக் கீழே கொழுப்பு வரைக்கும் ஆழமாக எடுக்க வேண்டும். அவர் பார்க்க நினைக்கும் ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறதாம். அதில் நோய் இருந்தால் விரலை வெட்டினாலும் நோய் நிற்காது. மருந்து மாத்திரையில்தான் நிற்கும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அறுத்தாயிற்று. இன்றைக்கு விரலை எடுக்கக் கூட்டி வந்திருக்கிறார்கள். இப்போது நல்லா இருக்கிற தொடையிலும் கத்தி வைக்க வேண்டுமாம்! "நான் என்ன கறிக்கடையில தொங்குற ஆடா, ஆளுக்கொரு பக்கம் அறுக்கிறதுக்கு?" என்று கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மதினி என் காதில், "நல்ல எடத்துல கத்தி வைக்க விடாதத்தா, அங்கயும் புண்ணாப் போகும்" என்றாள். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா?" என்று நான்தான் கேட்டேன்.

அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "தப்பா இருந்தா உங்களுக்கு நாலு தையல் மிச்சம். நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன். ஆனா விரலை எடுத்த பெறகு ஒட்ட வைக்க முடியாதும்மா. அதான் முதல்ல இதைப் பாத்துருவோம்னு சொல்றேன்" என்றார்.

எத்தனையோ பேர் அதுவரை எனக்கு என்ன வியாதி என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். தப்பாகவும் இருக்கலாம் என்று சொன்னது இவர் ஒருவர்தான். அதனாலேயோ என்னவோ, எனக்கு நம்பிக்கை வந்தது. "எடுங்க" என்றேன்.

அறுவை சிகிச்சை டாக்டரிடம் அவரே போய்ப் பேசினார். உள்ளே கொஞ்சம் சத்தம் கேட்டது. பிறகு அந்த டாக்டர் வெளியே வந்து, என் விரல்களில் கறுப்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே பேனாவால் ஒரு கோடு போட்டார். "மூணு நாள் பொறுக்கிறேன். இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா நான் யாரையும் கேக்கமாட்டேன்" என்றார். பிறகு அவரே தொடையில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, துண்டை ஆழமாக எடுத்துக் கொடுத்தார். அறை வாசலில் சீசாவோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, கேட்டேன். காட்டினார். பட்டாணி அளவில் சதை, கீழே மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்குள் போய் என்னத்தைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான். விழித்ததும் போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்ப்பேன். வீட்டுக்காரர் டீ வாங்கப் போகும்போதும் பார்ப்பார், வாங்கி வந்ததும் பார்ப்பார். மதினி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். சீசன் நேரத்தில் லீவு கேட்டதற்குப் போர்மேன் ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்றாம் நாள் காலையில் கறுப்பு கோட்டைத் தொட்டிருந்தது. ஒரு ஓரத்தில் தாண்டியும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. இரண்டு பேரிடமும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆய்வகத்தில் இருந்து ஆள் வந்து எங்களைக் கூப்பிட்டது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சின்ன அறை, மூக்கை அறுக்கும் மருந்து வாடை, மேஜைமேல் இரண்டு கண்ணும் வைத்துப் பார்க்கும் மைக்ராஸ்கோப். எங்களைக் கண்டதும் அந்த அம்மா எழுந்து நின்றார்.

"கிடைச்சிருச்சும்மா" என்றார்.

நோயின் பெயரைச் சொன்னார். பாலிஆர்ட்டரைடிஸ் நோடோசா. மதினி அதை இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. அபூர்வமாக வரும் வியாதியாம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் தன்னுடைய ரத்தக்குழாயையே தாக்குமாம். குழாயின் சுவர் வீங்கி, ரத்தம் போகிற வழி அடைத்துவிடும். ரத்தம் போகாத இடம் கறுக்கும், நரம்புக்கு ரத்தம் இல்லையென்றால் மரத்துப்போகும். ரத்த அழுத்தம் ஏறியதும் இதனால்தானாம். வெள்ளிப் பொடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"பாக்குறீங்களா?" என்று கேட்டார். நாற்காலியைத் தள்ளி, கண்ணை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம். சுவர் தடித்து, நடுவில் ஊசி நுழையாத அளவுக்கு ஒரு துவாரம். எனக்குச் சட்டென்று புரிந்துபோனது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வெடிக்குக் குழாய் உருட்டியவள். காகிதத்தைக் கூடச் சுற்றிவிட்டால் துவாரம் அடைத்துக்கொள்ளும், மருந்து இறங்காது, அந்தக் குழாயைக் கழித்துப் போட்டுவிடுவார்கள். அதை அவரிடம் சொன்னேன்.

"அதேதான். ஆனா இந்தக் குழாயைக் கழிச்சுப் போட வேண்டாம். மாத்திரையில வீக்கம் வத்தும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. என் உடம்புக்குள் எனக்கே தெரியாமல் நடந்த ஒன்றை, ஒருவர் விடாப்பிடியாகத் தேடிக் கண்டுபிடித்து என் கண்ணுக்கே காட்டிவிட்டாரே என்ற அழுகை. வீட்டுக்காரர் அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. மதினி தன் பங்குக்கு மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அன்றைக்கே ஊசி ஏற்றினார்கள். பிறகு ஸ்டீராய்டு மாத்திரை, மாதாமாதம் டிரிப். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது, முடி கொட்டியது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. வீட்டுக்காரர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, அதன் நுனி போய்விட்டது. பக்கத்து விரல் தப்பிவிட்டது, கறுப்பு அதற்கு மேலே ஏறவில்லை. பாதத்தில் உணர்ச்சி திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி வந்தது, பிறகு எரிச்சல், பிறகு வலி. வலிக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது மருந்து அறையில் எனக்கு வேலை இல்லை. பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் போர்மேன் போட்டிருக்கிறார். மதினி எதிரே இல்லாததுதான் குறை. அவளோ ஊரில் யாருக்குப் புண் ஆறாவிட்டாலும் டாக்டர் ஆகிவிடுகிறாள். "துண்டு எடுக்கச் சொல்லு, நல்லா ஆழமா எடுக்கச் சொல்லு. வெள்ளிப் பொடின்னு சொல்லி அனுப்புனா எந்திரிச்சு வந்துராத" என்பாள். கத்தி பட்டால் பரவும் என்று புலம்பியவள் இவள்தான்.

போன தீபாவளிக்கு முறுக்கும் ஒரு பெட்டி புஸ்வாணமும் எடுத்துக்கொண்டு அந்த ஆய்வகத்துக்குப் போனேன். அந்த அம்மா மைக்ராஸ்கோப்பில் இருந்து தலையைத் தூக்கி, என்னைப் பார்க்கும் முன் என் காலைத்தான் பார்த்தார். "நடங்க, பாப்போம்" என்றார். அந்தச் சின்ன அறைக்குள் போய்த் திரும்பி வந்தேன். இத்தனை வருஷத்தில் குணமான பிறகு தன்னைத் தேடி வந்த முதல் ஆள் நான்தான் என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வெள்ளிப் பொடி என் தோலில் இருந்தது உண்மை. அந்த உண்மை போதும் என்று நான் உள்பட எல்லோரும் எழுந்துவிட்டோம். அவர் ஒருவர் மட்டும் இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்தார். இன்றைக்கும் காலையில் செருப்பை மாட்டும்போது பெருவிரல் இடுக்கில் வார் உரசுவது எனக்குத் தெரிகிறது. அந்த உரசல் தெரிந்த பிறகுதான் நான் வாசலில் இறங்குகிறேன், இறங்கும்போது ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.